அத்தான் அடைகாக்கும் ஜவ்வரிசி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நான் சுமாரான நலம். உன் அத்தான் நலம். நீ கொடுத்துவிட்டுப் போன நத்தைகள் ரொம்ப ரொம்ப நலம், அதுதான் இப்போது இந்த வீட்டில் பிரச்சினை. உன் உடம்பையும் உன் வீட்டுக்காரர் முதுகுவலியையும் பிள்ளைகள் படிப்பையும் தனித்தனியாக விசாரித்ததாக எடுத்துக்கொள். விரிவாக விசாரிக்க நேரமில்லை. அத்தான் வெள்ளரிக்காய் வாங்கப் போயிருக்கிறார், அவர் திரும்பி மாடிப்படி ஏறுவதற்குள் இதை எழுதி முடித்தாக வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அவர் காதில் விழும். எனக்கு மெல்லப் பேச வராது என்பது உனக்கே தெரியும். நான் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் ‘ம்’ கொட்டுவார்கள். மெசேஜ் அனுப்பலாம் என்றால், என் கண்ணுக்குத் தெரியட்டும் என்று போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் அவர்தான், ஹாலின் அந்தக் கோடியில் நின்றே படித்துவிடலாம். ஆகவே காகிதம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் கொஞ்ச நாளாக ஹாலில் உட்கார்ந்து ஜவ்வரிசியை அடைகாத்துக்கொண்டிருக்கிறார். அது ஜவ்வரிசி என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் வைத்தவள் நான்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரிக்காதே, இதில் உனக்கும் பங்கு உண்டு. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் வீட்டில் எப்படி இருப்பார் என்பது அவரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் தெரியும். வாழ்நாள் முழுக்க அவர் சிவப்பு விளக்கில் நின்றதில்லை. சாப்பாட்டைக்கூட வாசலில் யாரோ உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிற மாதிரிதான் சாப்பிடுவார். அப்படிப்பட்டவரைக் கைகுலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இனிமேல் எந்த அவசரமும் இல்லாத ஆளுக்கு எதற்குக் கடிகாரம் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர்தான். தெருவில் சைரன் கேட்டால் எழுந்து கதவுவரை போவார், செருப்பில் ஒரு காலை நுழைப்பார், அப்புறம் நினைவு வந்து திரும்பி வந்து உட்காருவார். என்னோடு பேச்சு என்று பார்த்தால் ‘ம்’, ‘சரி’, ‘வேண்டாம்’. இந்த மூன்றை வைத்துக்கொண்டு நான் காலம் தள்ளினேன். எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. அதை உன்னிடம் சொன்னேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நீ வளர்க்கிற நத்தைகளில் இரண்டைக் கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு, அத்தானுக்குப் பொழுதுபோகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

பொழுது போயிற்று, இல்லை என்று சொல்லவில்லை. முதல் நாள் தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் நாற்காலியை ஜன்னலிலிருந்து தொட்டி பக்கம் திருப்பிப் போட்டார். அதற்கடுத்த நாள் பீரோவிலிருந்து பழைய வேலைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பெரிய நத்தைக்குப் பெரியவர், சின்னதுக்குச் சின்னவர் என்று பெயரானது. காலையில் எழுந்ததும் எனக்குக் காப்பி கிடைத்ததா என்று கேட்காத மனிதர், பெரியவர் ஓட்டை விட்டு வெளியே வந்தாரா, சின்னவருக்குக் கொம்பு நீண்டதா என்று விசாரிப்பார். நத்தைக்கு உப்பு ஆகாது, மேலே பட்டால் உயிரே போய்விடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்பு விஷம். உப்பு ஜாடி பரணுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு வேளையும் நான் ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு சிட்டிகை எடுத்து, இறங்கி, குழம்பில் போட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கழுவிய கையை அவரிடம் காட்ட வேண்டும். நடுவில் ருசி பார்த்து உப்பு போதவில்லை என்றால் மறுபடி மலையேற்றம். போதாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது எனக்கு ரத்த அழுத்தம் குறைந்திருப்பதாக டாக்டர் பாராட்டினார். அந்தப் பாராட்டையும் உன் அத்தான் நத்தைகளுக்குத்தான் கொடுத்தார்.

ஒருநாள் தொட்டி மூடியைச் சரியாகப் பொருத்தாமல் விட்டுவிட்டார், சின்னவர் கிளம்பிவிட்டார். நத்தை எவ்வளவு தூரம் போய்விடும் என்று நான் கேட்டது தப்பாகிவிட்டது. வீட்டில் யாரும் தரையில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. நான் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் தோளில் சிலிண்டரோடு ஒற்றைக் காலில் நின்று காட்டிவிட்டுப் போனார், இப்போது எங்கள் வீட்டுக்கு வேறு ஆளை அனுப்புகிறார்கள். கடைசியில் சின்னவர் எங்கே இருந்தார் தெரியுமா, சுவரில், ஓய்வு பெற்றபோது கொடுத்த அந்தக் கடிகாரத்தின் முகத்தில், முள்ளோடு முள்ளாக ஒட்டிக்கொண்டிருந்தார். உன் அத்தான் அதைப் பார்த்துச் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த மட்டோடு நின்றிருந்தால் நான் உன்னை வாழ்த்திக் கடிதம் எழுதியிருப்பேன். நிற்கவில்லை. பெரியவர் ஆண், சின்னவர் பெண் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். ஒரு காலையில் சின்னவர் மண்ணைக் குடைந்து தலையைப் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். உன் அத்தான் பதறிப்போய் நாடி பார்க்க இடம் தேடினார். சின்னவர் நகர்ந்த பிறகு பார்த்தால், குழிக்குள் வெள்ளை வெள்ளேரென்று, மிளகைவிடக் கொஞ்சம் சின்னதாக, குவியலாக முட்டை. சரி, பெண் என்றால் முட்டையிடத்தானே செய்யும் என்று நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த வாரமே பெரியவரும் எதிர் மூலையில் போய்க் குடைய ஆரம்பித்தார். தெருமுனையில் வண்ணமீன் கடை வைத்திருப்பவரைக் கூட்டிவந்து கேட்டோம். நத்தையில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, ஒவ்வொன்றும் இரண்டும்தான், இரண்டுமே முட்டை போடும் என்றார். எனக்கு வந்த நினைப்பு ஒன்றுதான். கடவுள் இந்த நியாயத்தை நத்தையோடு ஏன் நிறுத்திக்கொண்டார் என்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. என் இரண்டு பிரசவத்துக்கும் இந்த மனிதர் வரவில்லை. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் சைரன் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டிருந்தார், நான் பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். அதே மனிதர் நத்தை முட்டைக்காக என்ன செய்தார் என்று கேள். காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கழுவினார். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டார். தேங்காய் நார்த்தூளை நனைத்து, பிழிந்து, கையால் அழுத்திப் பார்த்து, ஈரம் இருக்க வேண்டும் ஆனால் சொட்டக் கூடாது என்று மறுபடி பிழிந்து பரப்பினார். பிறகு ஒவ்வொரு முட்டையாக டீஸ்பூனில் எடுத்து வைத்தார். உருட்டக் கூடாதாம், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம்தான் மேலே இருக்க வேண்டுமாம். உருண்டையாக இருக்கிற பொருளில் மேல்பக்கம் எது என்று கேட்டேன். “ஸ்ட்ரெச்சர்ல ஆளை மாத்துற மாதிரிதான். கைக்குத் தெரியும்” என்றார். பொறாமையா என்று நீ கேட்கலாம். ஆமாம், கொஞ்சம்.

அப்போதுதான் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் உனக்குப் போன் செய்தேன், நீ அந்த யோசனையைச் சொன்னாய். நீ சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ஃப்ரீசர்ல வச்சிடுக்கா. நத்தை வளர்க்கிறவங்க எல்லாரும் அதான் செய்வாங்க, அதுக்கு ஒண்ணும் தெரியாது. விட்டேன்னா ரெண்டு இருநூறாயிடும்” என்றாய். உங்கள் தலைமையாசிரியை நாற்காலியில் நத்தை ஏறிய கதையையும் சொன்னாய். போனை வைத்ததும் எனக்கு இருநூறும் கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டன. சுவரில், தலையணையில், பரணில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். இரண்டுக்கே எனக்குச் சாப்பாட்டில் உப்பு போயிற்று, இருநூறுக்கு என்னென்ன போகுமோ.

அன்று மதியம் சாப்பிட்டதும் உன் அத்தான் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடத் தொடங்கினார். நான் டப்பாவைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முட்டைகளை வழித்தெடுத்து ஒரு பழைய மருந்து டப்பியில் போட்டு, ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் யோசனை வந்தது, காலி டப்பாவைப் பார்த்தால் என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன். அந்தச் சமயத்தில் என் கண்ணில் பட்டது அலமாரியில் இருந்த ஜவ்வரிசி டின். ஒரு கைப்பிடி எடுத்து நார்த்தூள்மேல் பரப்பினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் இல்லை. இயற்கையும் மளிகைக் கடையும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் நினைத்ததே இல்லை. நாலு நாள் பார்ப்பார், பொரிக்காது, இது பலிக்கவில்லை என்று தானே தூக்கிப் போட்டுவிடுவார், கதை முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

கதை அங்கேதான் ஆரம்பித்தது. தூக்கம் கலைந்து எழுந்தவர் நேராகப் போய் டப்பாவைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மூடியைச் சாத்திவிட்டு, முட்டைகள் முன்பைவிடத் தெளிவாக இருக்கின்றன என்றார். அதிலிருந்து காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார். ஜவ்வரிசியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊதுகிறது. ஊதினால் வளர்கிறது என்கிறார். கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஆனதும் உள்ளே உயிர் ஏறுகிறது என்கிறார். டார்ச் அடித்துக் காட்டி, ஒன்றில் கண் தெரிகிறது பார் என்றார். நான் குனிந்து பார்த்தேன். உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் தெரிந்தது.

ஊறிப்போனது குழைந்து கூழாகிவிடுமே. அதனால் அவர் வெள்ளரிக்காய் வாங்கப் போகிற நேரம் பார்த்து நான் பழையதை வழித்தெறிந்துவிட்டுப் புதியதைப் பரப்புகிறேன். நல்லவேளை, இப்போதெல்லாம் ஒரு வெள்ளரிக்காய் வாங்க அவருக்கு ரொம்ப நேரமாகிறது. டின் காலியாகி இன்னொரு பொட்டலம் வாங்கினேன், அதுவும் முடியப்போகிறது. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கா என்று மளிகைக்காரர் அக்கறையாக விசாரித்தார். முட்டை நேற்று பெரிதாக இருந்தது, இன்றைக்குச் சின்னதாகத் தெரிகிறதே என்று உன் அத்தான் ஒருநாள் கேட்டார். குளிருக்குச் சுருங்கியிருக்கும் என்றேன். அப்படியானால் உடம்புச் சூடு வேண்டும் என்று சொல்லி, அன்று மாலையிலிருந்து டப்பாவை என் மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டார்.

அத்தான் வந்துவிட்டார். மீதியைச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்துக் கேட்டார், மளிகைச் சாமான் பட்டியல் என்றேன். பக்கம் பக்கமாகவா என்றார். விலைவாசி அப்படி என்றேன். பொய் சொல்வதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம் வந்துவிட்டது.

போன வாரம் அந்த வண்ணமீன் கடைக்காரரைக் கூட்டிவந்து டப்பாவைத் திறந்து காட்டினார். நான் அடுப்படியில் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், கூப்பிட்டு நிறுத்திவிட்டார். வந்தவர் பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். அவருக்குத் தொண்டையில் என்னவோ சிக்கி, இருமல் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, “நானும் எத்தனையோ முட்டை பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்லை” என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார். அவருக்கு நத்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் ரொம்ப நல்லவராக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நீ வேடிக்கை என்று நினைத்துவிடாதே. இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. தினமும் சாயங்காலம் நான் ஜவ்வரிசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுகிறார். அவர் பேசுகிறார், புரிகிறதா? வண்டி ஓட்டிய காலத்தில் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மூடிய ரயில்வே கேட்டில் நின்றபோது வண்டிக்குள்ளேயே பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தம்பி, ஒரு டீ குடிச்சிட்டுப் போவோமா என்று கேட்ட கிழவரைப் பற்றிச் சொன்னார். நிறுத்தவில்லையாம். நிறுத்தியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு டப்பாவின் மூடியைத் திறந்து தண்ணீர் தெளித்தார். அத்தனை வருடமும் வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்க, மடியில் இருக்கிற பொய் கனக்கிறது.

இன்னும் பத்து நாளில் பொரித்துவிடும் என்று கீழ்வீட்டுத் தையற்காரர்வரை சொல்லி வைத்திருக்கிறார். பையன்கள் இரண்டு பேருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. பொரிக்காவிட்டால் டப்பாவைக் கிளறுவார். கிளறினால் தெரிந்துவிடும். முட்டைகளை நான்தான் கொன்றேன், இத்தனை நாளும் ஏமாற்றினேன் என்று தெரிந்தால் என்மேல் கோபப்பட மாட்டார், கோபப்பட்டால்கூடத் தேவலை. பேசாமல் எழுந்து அந்த நாற்காலியை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிடுவார். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மருந்து டப்பியைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, மன்னிச்சிடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் ஐஸ் எடுக்கிறேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. உங்கள் பள்ளிக்கூடத் தொட்டியில் குஞ்சு நத்தைகள் எப்போதும் இருக்கும் என்று நீதான் பீற்றிக்கொள்வாய். அதில் ஒரு இருபது முப்பதை ஈரத்துணி சுற்றி ஒரு சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு உடனே வா. அக்காவைப் பார்க்க வந்ததாகச் சொல். அவர் வெள்ளரிக்காய்க்குப் போனதும் ஜவ்வரிசியை அள்ளிவிட்டுக் குஞ்சுகளை விட்டுவிடுகிறேன். அப்புறம் வீட்டில் இருநூறு நத்தை ஊர்ந்தாலும் சரி, உப்பில்லாமலேயே செத்தாலும் சரி, வாய் திறக்க மாட்டேன். நீ சொன்ன ஃப்ரீசர் யோசனைக்கு இது பரிகாரம் என்று வைத்துக்கொள். தாமதித்தால் உன் அக்கா வீட்டில் இல்லை, ரயில் நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்படுவாய்.

பிள்ளைகளுக்கு என் ஆசி, நன்றாகப் படிக்கட்டும், பிராணி எதுவும் வளர்க்காமல் இருக்கட்டும். உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைக் கொஞ்சம் அளவாகச் சொல், எல்லாவற்றையும் அத்தானிடம் போட்டுக்கொடுக்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

இப்படிக்கு,
மடியில் டப்பாவோடு தவிக்கும்
உன் அக்கா

பி.கு.: ஸ்டூல் ஏறி ஏறி வந்த முழங்கால் வலியால் தபால்பெட்டிவரை என்னால் நடக்க முடியவில்லை. நன்றாக ஒட்டி அத்தானிடமே கொடுத்து அனுப்புகிறேன். பயப்படாதே. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஜாதி இல்லை அவர், அந்த விஷயத்தில் தங்கம்.

மறுபடி பி.கு.: அன்புள்ள மச்சினிக்கு, அத்தான் எழுதுவது. உறை சரியாக ஒட்டவில்லை, தானாகத்தான் திறந்துகொண்டது. சரி, நான்தான் பிரித்தேன். மளிகைப் பட்டியலை எதற்காக உனக்கு அனுப்புகிறாள் என்று சந்தேகமாக இருந்தது.

உன் அக்கா ஃப்ரீசரில் வைத்திருப்பதும் ஜவ்வரிசிதான். நீங்கள் போனில் பேசியது குளியலறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது, தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் கை வைப்பதற்கு முன்பே முட்டைகளை மீன் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். டப்பா காலியாக இருந்தால் சண்டை வரும் என்று அவள் டின்னிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டேன். அன்று மதியம் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜவ்வரிசியை எடுத்து ஒளித்துவிட்டு ஜவ்வரிசியைக் கொண்டுவந்து வைத்தாள். சிரிப்பை அடக்கக் குறட்டையைக் கூட்ட வேண்டியதாயிற்று.

நிஜ முட்டைகள் போன வாரமே பொரித்துவிட்டன. எல்லாம் சுகம். பொரித்ததும் தங்கள் முட்டை ஓட்டையே தின்கின்றன, பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. வெள்ளரிக்காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். நீ குஞ்சு எதுவும் கொண்டுவர வேண்டாம். வெறும் டப்பாவோடு முதலில் மீன் கடைக்கு வா, நிரப்பித் தருகிறேன். உன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லி அவளிடம் ரகசியமாகக் கொடு. எனக்குத் தெரியாமல் அவள் வைப்பாள். நான் பார்த்து ஆச்சரியப்படுவேன். அவளிடம் எதையும் சொல்லிவிடாதே, தெரிந்தால் என்னைத் தொட்டிக்குள் போட்டு மூடிவிடுவாள்.

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். டப்பாவை மடியில் வைக்கச் சொன்னதே அவளைச் சீண்டத்தான், வைத்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்புறம்?” என்றாள். வேலைக்குப் போன காலத்தில் நாங்கள் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. எனக்குப் பேச வந்தது. இன்னும் நிறைய இருக்கிறது.

உன்னை உடனே வரச் சொல்லியிருக்கிறாள். நீ மெதுவாகவே வா.